பேர் போடாத கார்டு

தூக்குவாளியின் வயிற்றில் 'அன்பளிப்பு' என்று வெட்டி முடித்து ஊசியைத் தூக்கியபோதுதான் விஜயராணி அதைப் பார்த்தாள். கல்லாவுக்குப் பக்கத்தில் பில் போடும் இளவேனில் ஒரு உறையைக் கிழித்துப் புது ஏடிஎம் கார்டை வெளியே எடுத்தாள். கருநீலக் கார்டு. அடியில் இங்கிலீஷில் அவள் பேர், எழுத்து எழுத்தாகப் புடைத்துக்கொண்டு நின்றது. முதலாளி ஜெயக்குமார் அதைக் கையில் வாங்கி, விரலால் தடவிப் பார்த்து, "அடேங்கப்பா, கலெக்டரம்மா கார்டு மாதிரி இருக்கே" என்றார். விஜயராணிக்கு வயிறு எரிந்தது.

எரிச்சல்தான். வேறு என்ன சொல்லி அதை மூடி மறைப்பது? ஸ்ரீரங்கம் தெற்குச் சித்திரை வீதியில் இந்தப் பாத்திரக்கடைக்கு அவள் வந்து பதினோரு வருஷம். ஊரில் பாதிக் கல்யாணத்துக் குடமும் தாம்பாளமும் அவள் கையெழுத்தைச் சுமந்துகொண்டுதான் புகுந்த வீட்டுக்குப் போயிருக்கின்றன. "விஜயா வெட்டினா அச்சுல போட்டாப்ல இருக்கும்" என்று தேடி வருகிறவர்கள் உண்டு. இளவேனில் வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. முசிறியிலிருந்து பஸ் ஏறி வருகிற பெண். கண் சரியாகத் தெரியாத அப்பா, கொஞ்சம் வாழை, அவ்வளவுதான் சொத்து. ஆனாலும் அவளுக்குப் பேர் போட்ட கார்டு!

இனிமேல் சம்பளம் கையில் கிடையாது, பேங்கில்தான் என்று போன மாதம் முதலாளி சொன்னதில் ஆரம்பித்த வினை இது. விஜயராணிக்குப் பழைய கணக்கு ஒன்று இருந்தது. அதில் ஒரு ரூபாய் விழுந்தாலும் ஆட்டோ கடன் விழுங்கிவிடும். ஆட்டோ வாங்கினவன் அவள் புருஷன். அவன் ஆட்டோவோடு திருப்பூர் போய், அங்கேயே இன்னொரு குடும்பமும் பார்த்துக்கொண்டான். கடன் பத்திரத்தில் இவள் போட்ட கையெழுத்து மட்டும் இவளோடு தங்கிவிட்டது.

அதனால் அம்மா மண்டபம் ரோட்டில் வேறொரு பேங்குக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"ஸ்கோர் ரொம்பக் கம்மியா இருக்கும்மா. லோன், கிரெடிட் கார்டுன்னு எதுவும் கேக்காதீங்க. பேசிக் அக்கவுண்ட் ஒண்ணு போட்டுத் தரேன். பேலன்ஸ் எதுவும் வச்சிருக்க வேண்டாம். மாசம் நாலு தடவ பணம் எடுத்துக்கலாம்."

அங்கேயே மேஜை டிராயரைத் திறந்து ஒரு உறையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் கார்டு. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"பேர் இல்லீங்களே சார்?"

"இதுல பேர் வராதும்மா. நம்பர் இருக்குல்ல, அது போதும்."

போதுமாம். ஒன்றரை லிட்டர் தூக்குவாளிக்குக்கூட இந்த ஊரில் பேர் வேண்டியிருக்கிறது!

இளவேனிலைத் திட்டவும் வழியில்லை, அதுதான் பெரிய கொடுமை. ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது அந்தப் பெண் போனில் எல்லோருடைய ஸ்கோரையும் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடையது எழுநூற்று அறுபது. விஜயராணியின் முறை வந்ததும் போனைச் சட்டென்று கவிழ்த்து வைத்தாள். "நெட் கெடைக்கலக்கா, அப்புறம் பாப்போம்." கவிழ்ப்பதற்குள் விஜயராணி பார்த்துவிட்டாள். நானூற்றுச் சொச்சம், சிவப்பில். முகத்துக்கு நேரே அதைச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அந்த இரக்கத்தை என்ன செய்வது? இவளெல்லாம் என்னைப் பார்த்துப் பாவப்படுகிறாளே என்று அன்றைக்கு முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தாள்.

கருநீலக் கார்டு வந்த மறுநாள், கடையில் ஆளில்லாத நேரம் பார்த்துத் தன் கார்டை மரக்கட்டையின் மேல் வைத்துப் பேர் வெட்டும் மிஷினைப் போட்டாள். எவர்சில்வரைவிடப் பிளாஸ்டிக் இளக்கமாக இருந்தது. ஊசி தானாக ஓடியது. சிப்புக்கு ஒட்டினாற்போல, தமிழில், 'விஜயராணி'. பதினோரு வருஷத்தில் தன் பேரை வெட்டுவது அதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் உறைத்தது. கடைசி 'ணி'க்கு மேல் சுழியைக் கொஞ்சம் செல்லமாக நீட்டினாள். ஊசி சிப்பின் ஓரத்தை ஒரு தட்டுத் தட்டியது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்து எழுத்தாக ஊதித் தூசியைத் தட்டினாள். ராத்திரி தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

ஒன்றாம் தேதி சம்பளம் விழுந்தது. ஏடிஎம் கார்டைத் திருப்பித் தள்ளியது. நான்கு தடவை செருகினாள், நான்கு தடவையும் தள்ளியது. பின்னால் நின்ற ஆள் தொண்டையைச் செருமினான். பேங்கில் அதே அதிகாரி கார்டை வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்னம்மா இது, குடம்னு நெனச்சுட்டீங்களா? ஊசி பட்டு சிப்பு செத்துப் போச்சு. புதுசு வர பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் பாஸ்புக் கொண்டாந்து இங்கயே எடுத்துக்கங்க."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சீட்டு எழுதிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. செத்த கார்டைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் டீக்குச் சில்லறை எடுக்கும்போது பர்ஸிலிருந்து அது நழுவிக் கீழே விழுந்தது. இளவேனில் குனிந்து எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா! நீங்களே வெட்டுனதா? எவ்வளவு அழகா இருக்கு!"

விஜயராணி கையை நீட்டினாள். அந்தப் பெண் கொடுக்காமல் 'ணி'யின் சுழியை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு கல்லாவுக்கு ஓடிப்போய்த் தன் கருநீலக் கார்டை எடுத்து வந்தாள்.

"எனக்கும் இதே மாதிரி தமிழ்ல வெட்டிக் குடுங்கக்கா. இந்த இங்கிலீஷ் எழுத்து பஸ் டிக்கெட் மாதிரி இருக்கு. உங்களுதுல இருக்கற அதே எடம், சிப்புக்குப் பக்கத்துல."

விஜயராணிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. தன் கார்டைப் பார்த்தும் ஒருத்தி ஆசைப்படுகிறாளே! அந்தக் குளிர்ச்சிக்குள்ளேயே இன்னொன்றும் மெல்ல எழுந்தது. கருநீலக் கார்டும் செத்துப் போகும். இவள் கார்டையும் ஏடிஎம் நான்கு தடவை தள்ளும். பின்னால் ஒருவன் தொண்டையைச் செருமுவான்.

"இப்பவேவா?" என்றாள்.

"இப்பவேதான்க்கா. நாளைக்கு அப்பாக்குக் கண்ணு ஆபரேஷன். காலைல ஏழு மணிக்கே ரொக்கமா கட்டணுமாம். ஆஸ்பத்திரி வாசல்லயே ஏடிஎம் இருக்கு. அப்பா முன்னாடி இந்தக் கார்டை எடுத்துக் காட்டுவேன். கண்ணு தெரியலன்னாலும் தடவிப் பாப்பார்ல?"

பேங்க் பத்து மணிக்குத்தான் திறக்கும். விஜயராணிக்கு அது தெரியும். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொன்னால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் ஏடிஎம், பேங்க், அந்தச் சிரிப்பு எல்லாவற்றையும் இவளிடம் சொல்ல வேண்டும். சொன்னதும் இவள் முகத்தில் மறுபடியும் அந்த இரக்கம் வரும்.

கார்டை வாங்கி மரக்கட்டையின் மேல் வைத்தாள். கை பழக்கத்தில் சுவிட்சைப் போட்டது. மிஷின் உறுமியது.

"ஆடாம இருக்கணும்ல?" என்று இளவேனில் குனிந்து, கார்டின் இரண்டு ஓரத்தையும் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஒரு விரல் நுனியில் ஸ்டேப்ளர் பின் குத்திய சிவப்புப் புள்ளி. அந்த விரலுக்கும் சிப்புக்கும் நடுவில், கார்டில் படாமல், ஊசி அதிர்ந்துகொண்டே நின்றது.