புரையேறாமல்

பாவாத்தாள் வெள்ளிக்கிழமைதான் வருவாள். கோபி பஸ் அவளை முக்கில் இறக்கிவிட்டுப் போகும் சத்தம் தோட்டத்துச் சாளை வீடு வரைக்கும் கேட்கும். அதற்குள் நாச்சியம்மாள் முகம் கழுவி, சேலை மாற்றி, காபிக்குப் பால் காய்ச்சி வைத்திருப்பாள்.

அவள் புருசன் கந்தப்பனுக்குப் பக்கவாதம் வந்த புதிதில் வாசல் நிறையச் செருப்பு கிடந்தது. ஆர்லிக்ஸும் ஆரஞ்சுமாக வந்தார்கள். "எப்படி இருந்த மனுசன்" என்றார்கள். அவருடைய வலது கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார்கள். பிறகு அவரவருக்கு வேலை வந்துவிட்டது. அவருடைய அக்கா பாவாத்தாள் மட்டும் வந்துகொண்டிருந்தாள்.

மற்ற நாளெல்லாம் நாச்சியம்மாள் அவரிடம்தான் பேசினாள். குடிக்கறீங்களா. திரும்பிப் படுங்க. கை வலிக்குதுங்களா. அவர் பார்ப்பார். பேச்சு போய்விட்டது. தோப்பில் மட்டை விழுந்தால் அந்தச் சத்தத்துக்கு இரண்டு பேரும் திரும்புவார்கள்.

பாவாத்தாள் படியேறும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"ஏண்டா கண்ணு, வேலைக்கு டிமிக்கி குடுத்துப்போட்டுப் படுத்துக்கிட்டயா? சின்னதுலயே இப்படித்தான் அம்மணி இவன். எருமையக் கட்டச் சொன்னா வகுறு வலிக்குதும்பான்."

கந்தப்பனின் வாய் ஒரு பக்கம் சிரிக்கும். அந்தப் பாதிச் சிரிப்பை நாச்சியம்மாளால் ஒருநாளும் வரவைக்க முடிந்ததில்லை.

பிறகு பாவாத்தாள் தன் கையால் அவருக்குக் காபி புகட்டுவாள். புரையேறும். உச்சந்தலையில் தட்டுவாள். "யாரோ நெனைக்கறாங்கடா உன்னைய." யாராக இருக்கும் என்று இரண்டு பெண்களும் பேசிக்கொள்வார்கள். கோயமுத்தூரில் இருக்கும் மகன் மிதுனாக இருக்கும். தாராபுரத்துச் சம்பந்தியாக இருக்கும். நாச்சியம்மாளுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

போன மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்து மூச்சு இழுத்தது. நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா கேட்டார்.

"குடிக்கறப்போ இருமுவாருங்களா?"

"பொறையேறுமுங்க. யாரோ நெனைக்கறாங்கன்னு..."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "குடிக்கறது நுரையீரலுக்குப் போகுதுங்கம்மா. காபி, தண்ணி, எளநி எதையும் அப்படியே ஊத்தாதீங்க. இந்த மாவைக் கலந்து கூழ் பதத்துல, நிமிர்த்தி உக்கார வெச்சு, ஸ்பூன்ல குடுங்க. இன்னொருக்கா வந்தாத் தாங்க மாட்டாரு."

சளிக் காய்ச்சல் என்றுதான் நாச்சியம்மாள் நாத்தனாரிடம் சொல்லியிருந்தாள்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை பாவாத்தாள் இளநீரோடு வந்தாள். சீவி டம்ளரில் ஊற்றினாள்.

"வேண்டாங்க நங்கை."

"உனக்கும் இருக்குது அம்மணி, பொறு."

"அவருக்கு வேண்டாங்க. டாக்டரம்மா ஆகாதுன்னாங்க."

"எளநி ஆகாதுன்னு எந்த டாக்டர் சொல்லுவா? பச்சப் புள்ளைக்கே குடுக்கறது."

"வேண்டாமுங்க."

அந்தப் பக்கத்தில் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லிப் பிறகு வாங்கிக் குடிப்பதுதான் மரியாதை. பாவாத்தாள் சிரித்துக்கொண்டே தம்பியின் தலையைத் தாங்கினாள். அவர் வாயைத் திறந்தார்.

நாச்சியம்மாள் டம்ளரைப் பிடுங்கினாள். பாதி பாவாத்தாளின் மடியில் கொட்டியது.

"சோறு ஊட்டி வளர்த்த கை அம்மணி இது."

"தெரியுமுங்க."

"நானென்ன அவனக் கொல்லவா வந்தேன்?"

சொல்லிவிடலாம். சொன்னால் போன மாதக் காய்ச்சல் எதனால் வந்தது என்பதும் அவளுக்குத் தெரிந்துபோகும். பிறகு அந்தக் கையை வைத்துக்கொண்டு அவள் எப்படித் தூங்குவாள்?

"இல்லீங்க நங்கை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பாவாத்தாள் முந்தானையைப் பிழிந்தாள். தம்பியின் கன்னத்தைத் தொட்டாள். வாரேன் என்று சொல்லாமல் படியிறங்கினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாச்சியம்மாள் முகம் கழுவினாள். சேலை மாற்றினாள். பாலை அடுப்பில் வைத்தாள். முக்கில் பஸ் வரும் சத்தம் கேட்டது. நிற்காமல் போகும் சத்தமும் கேட்டது.

பால் ஆடை கட்டும் வரைக்கும் நின்றாள். பிறகு காபி கலந்து, மாவைப் போட்டுக் கெட்டியாக்கி, அவரை நிமிர்த்தி உட்காரவைத்தாள். முதல் ஸ்பூனை விழுங்கினார். அவள் கை தானாக அவருடைய உச்சந்தலைக்குப் போய் நின்றது.

புரையேறவில்லை.

வாசலைப் பார்த்துக்கொண்டே அவர் அடுத்த வாய்க்குத் திறந்தார்.