நடுவில் தசை இல்லை

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு உதித்ததல்ல. விருதுநகரில் ஒரு மருத்துவமனையில், டாக்டர் கற்பகவல்லி மருந்துச்சீட்டின் பின்பக்கம் வரைந்த படத்திலிருந்து சுட்டது. வயிற்றுவலி என் பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் அக்காவுக்கு. என்னிடம் ஸ்கூட்டி இருப்பதால் நான் துணை. மற்ற நாளில் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். யாரும் கேட்காமலேயே கதையும் எழுதுவேன்.

படத்தில் இருந்தது வயிற்றுச் சுவர். தோல், கொழுப்பு, அதன் கீழ் மூன்று தசைத் தகடுகள், கடைசியில் குடலை மூடிய மெல்லிய உறை. முதல் தசையின் நார் சாய்வாக இறங்குகிறது, இரண்டாவது அதற்கு எதிர்ச்சாய்வில், மூன்றாவது குறுக்கே. அக்கா பட்டாசுக் கம்பெனியில் அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றுபவர். படத்தைப் பார்த்ததும் வலியை மறந்துவிட்டார்.

"இது எங்க வேலை மாதிரியேல்ல இருக்கு டாக்டரம்மா. ஒரே பக்கமாச் சுத்துனா பிரிஞ்சிரும்."

ஆறு அடுக்கு, ஆறு பகுதி. கதைக்கு வடிவம் கிடைத்துவிட்டதென்று எனக்கு ஒரே குஷி.

2.

குஷி ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. அந்த மூன்று தகடுகளும் பக்கவாட்டில்தானாம். நட்டநடுவில் தசையே இல்லை, வெள்ளையாக ஒரு நார்ப்பட்டை மட்டும். ரத்தம் அதிகம் வராது, சீக்கிரம் உள்ளே போகலாம் என்பதால் பல அறுவைகளுக்கு அங்கேதான் கத்தி வைப்பார்கள். நாலு வருடம் முன்பு அக்காவின் கர்ப்பப்பையை எடுத்ததும் அந்த வழியாகத்தான். அந்தத் தழும்பின் அடியில் தையல் போட்ட இடம் விட்டுப்போய், இப்போது குடல் எட்டிப் பார்க்கிறது. படுத்தால் உள்ளே போகிறது, குனிந்தால் வெளியே வருகிறது. வலை வைத்துத் தைக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். தீபாவளி சீசன் முடியட்டும் என்றார் அக்கா.

(3, 4, 5 பக்கவாட்டுத் தசைகள். நான் நடுவில் வெட்டுவதால் அவை குறுக்கே வரவில்லை. பிழை திருத்துகிறவளுக்கே எண்ணத் தெரியவில்லை என்று கடிதம் போடாதீர்கள்.)

6.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) சீசன் முடிந்தது. அக்கா சிரித்துக்கொண்டே ஆபரேஷனுக்கு வந்து படுத்தார். எல்லாம் சுபம்.

ஆ) ஒருநாள் வெளியே வந்த குடல் உள்ளே போக மறுத்து, அப்படியே

(இதை முடிக்கத் தைரியம் வரவில்லை.)

அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். கதையில் தன் வயதைப் போட்டால் ஐந்தைக் குறைக்கச் சொன்னார். பிறகு சேலையை விலக்கி, தன் ஏற்பாட்டைக் காட்டினார். பழைய சேலையைப் பட்டையாகக் கிழித்து, புடைப்பின் மேலேயே வலச்சாய்வில் ஒரு சுற்று, இடச்சாய்வில் ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று. இறுக்கம் என்றால் அப்படியொரு இறுக்கம்.

"படம் போட்டாகள்ல, அதே மாதிரிதான். இனி எங்கிட்டு வரும்?"

எனக்குப் புல்லரித்தது. எவ்வளவு அருமையான காட்சி! ஓடிப்போய் எழுதிவைத்தேன். டாக்டருக்கு ஒரு போன் போடத் தோன்றவில்லை. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல விருப்பமில்லை: நான் செய்தது தப்பு.

7.

இந்தப் பகுதி என் கணக்கிலேயே இல்லை.

இன்று காலை வேலையில் இருக்கும்போதே அக்காவுக்கு வாந்தி. மருத்துவமனையில் கட்டைப் பிரித்தபோது புடைப்பு கல்லாக இருந்தது, அழுத்தியும் உள்ளே போகவில்லை. வெளியே மாட்டிய குடலை மேலிருந்தும் இறுக்கியிருக்கிறார். எத்தனை நாளாக இந்தக் கட்டு என்று டாக்டர் கேட்டார். பதினைந்து நாள் என்று நான் சொன்னேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. உடனே திறக்கப்போவதாகவும், குடல் கறுத்திருந்தால் சிக்கலை விடுவித்து, சூடான உப்புநீரில் நனைத்த துணியால் மூடிக் காத்திருப்பதாகவும் சொன்னார். நிறம் திரும்பினால் உள்ளே வைத்துத் தைப்பார்கள். திரும்பாவிட்டால் அந்தத் துண்டை வெட்ட வேண்டும், அதன் பிறகு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

தள்ளுவண்டியில் போகும்போது அக்கா என் கையைப் பிடித்தார்.

"கதைல என்னையச் சாகடிச்சிராத, யாஸ்மினு."

இப்போது மணி இரண்டே கால். கதவு மூடியிருக்கிறது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், இதற்குமேல் எழுதப்போவதில்லை. நன்றாக வருகிறதென்றால் எதையும் எழுதிவிடும் கை இது, இதை நம்ப முடியாது. துணியை விலக்கிப் பார்க்கும் வேலை உங்களுடையது. அவசரப்படாதீர்கள். நிறம் வரக் கொஞ்ச நேரம் எடுக்குமாம்.