கமலவேணிக்கு ஒரு பேனர்

இதயப் பிரிவு டாக்டர் ஒருவர் வெளிநாடு போய் ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு வந்தால் போதும், மறுநாளே காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் ஆளுயரப் பேனர் முளைத்துவிடும். முட்டி மாற்றும் டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பார். கண் டாக்டர் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரிப்பார். ஊருக்கு வெளியே இருக்கும் அந்தப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் சிரிக்கக் கொடுத்துவைக்காத துறை ஒன்றே ஒன்று, மனநலத் துறை. அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் வாசல் காவலாளிகூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் வழி சொல்வார்.

அந்தத் துறையில் மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் துறைச் செய்திகள் வாசிப்பார்கள். துறைத் தலைவர் டாக்டர் ஆனந்தகுமாருக்கு அதில் அலாதிப் பிரியம். யாருடைய கட்டுரை எந்தப் பத்திரிகையில் வந்தது, எந்த மாணவிக்குத் தங்கப் பதக்கம் என்று அவர் வாசிக்க வாசிக்க, எல்லாரும் டீக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டுவார்கள். அந்த மாதம் கடைசிச் செய்தியை மட்டும் அவர் எழுந்து நின்று வாசித்தார். மாநிலத்தின் சிறந்த மனநலச் செவிலியர் விருது, இந்தத் துறையின் கமலவேணிக்கு.

கை தட்டல் ஓய்ந்ததும் கமலவேணி எழுந்தாள்.

"சார், ஒண்ணு விட்டுப் போச்சு. போன மாசம் நம்ம தாவீது அண்ணன், தென்னேரி ஏரிக்கரையில போய் நின்ன நம்ம பேஷண்ட்டைப் பேசிப் பேசியே கூட்டிக்கினு வந்தாரு. அதையும் எழுதுங்க."

வார்டு உதவியாளர் தாவீது வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனந்தகுமார் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடிவிட்டு, கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார்.

"கமலா, உங்களுக்கு பஸ் ஸ்டாண்ட்ல ஒரு பேனர் கேட்டேன். நம்ம துறைக்கு வேணாம்னு நிர்வாகத்துல சொல்லிட்டாங்க. பார்க்கிறவங்க பயந்துக்குவாங்களாம்."

"பயந்துக்க நான் என்ன பேயா சார்?" என்றாள் கமலவேணி. "அவங்க வெக்கலன்னா போவட்டும். எங்க தெருவுல வெப்போம்."

துறையில் எல்லாரும் சேர்ந்து பேனருக்கு ஏற்பாடு செய்தார்கள். அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். மனநலம் என்ற சொல் பெயரைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

பிள்ளையார்பாளையத்தில் அவள் வாழ்க்கைப்பட்ட தெருவில் அவளுக்கு நல்ல பெயர் கிடையாது. தலைக்கனம் பிடித்தவள் என்பார்கள். எதிரே வந்தால் தானாக ஒரு வணக்கம் சொல்ல மாட்டாள், சிரிக்க மாட்டாள். நாமாகப் பேசினால்தான் பேசுவாள். ஒரு நர்ஸுக்கே இவ்வளவு என்றால் டாக்டராகியிருந்தால் வானத்தில்தான் நடப்பாள் என்று தண்ணீர்க் குழாயடியில் சிரிப்பார்கள்.

விஷயம் வேறு. மனநலத் துறையில் சேர்ந்த அன்றே ஆனந்தகுமார் சொல்லிக்கொடுக்கும் விதி ஒன்று உண்டு. சிகிச்சைக்கு வந்தவரை வெளியே பார்த்தால் நாம் முதலில் பேசக் கூடாது. அவராக வணக்கம் சொன்னால் திருப்பிச் சொல்லலாம். சொல்லாவிட்டால் அவரை நமக்குத் தெரியாது. தெருவில் சிலருக்கு மட்டும் வணக்கம் சொல்லி, சிலருக்குச் சொல்லாமல் விட்டால் ஊர் கணக்குப் போட்டுவிடும். அதனால் கமலவேணி யாருக்குமே முதலில் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டாள். தலைக்கனக்காரி என்ற பெயரை வாங்கிக்கொண்டு, அந்தத் தெருவிலிருந்து வருகிறவர்களின் மானத்தைக் காத்தாள்.

வருகிறவர்கள் உண்டு. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வருகிறவர்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய மனிதர். யார் யார் என்று பெயர் சொல்ல எனக்கும் உரிமை இல்லை. கதை சொல்கிறவனுக்கும் அந்த விதிதான்.

பேனர் சனிக்கிழமை காலை தெருமுனைப் பிள்ளையார் கோயில் பக்கத்தில் ஏறியது. மத்தியானத்துக்குள் வீட்டில் பூகம்பம். கமலவேணியின் கணவன் தினகரனுக்கு அண்ணன் மயில்வாகனம், கூட்டுக் குடும்பத்துக்குப் பெரியவர், கூடத்தில் நின்று கத்தினார். அவர் மகள் காவேரியைப் பெண் பார்க்கச் செவிலிமேட்டிலிருந்து வெள்ளிக்கிழமை வருகிறார்கள்.

"இன்னாம்மா இது? இத்தினி வருசமா நரம்பு செக்‌ஷன்ல வேலைன்னுதானே எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்கோம்? மனநலம்னு இவ்ளோ பெருசா போட்டுக்கினு நிக்குது!"

"நரம்புன்னு நீங்கதான் சொன்னீங்க மாமா. நான் சொல்லல."

"பையன் வீட்டுக்காரன் தெருமுனையில வண்டிய நிறுத்தினதும் அதைத்தான் பாப்பான். இந்த வூட்ல எதுவோ இருக்குதுன்னு நினைப்பான். ஊசி போடுறவளுக்கு அங்க வேலைன்னா, வூட்ல யாருக்கோ வைத்தியம் பாக்கத்தான் சேந்தாள்னு சொல்லுவான். ஊர் வாயை மூட உலைமூடி இருக்குதா?"

அவர் பேசியதில் அநியாயம் இருந்தது, பயமும் இருந்தது. பயம் உண்மையானது என்று கமலவேணிக்குத் தெரியும். அந்தப் பயத்தைத்தான் அவள் தினமும் வேலையில் பார்க்கிறாள்.

"மனநலன்ற அந்த நாலு எழுத்தை எடுத்துடு. சிறந்த செவிலியர்னு இருந்தா இன்னும் பெருமைதானே?" என்று அவர் இறங்கி வந்தார். "நம்ம முதலாளி வீரபாகு இன்னா நினைப்பாரு? பாதித் தெரு அவருக்குத்தான் நெய்யுது."

கமலவேணி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். சமையலறை வாசலில் மயில்வாகனத்தின் மனைவி அலமு, முறத்தை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள். கமலவேணி அவள் பக்கம் பார்க்கவே இல்லை.

"எடுக்க மாட்டேன் மாமா. அந்த எழுத்து இல்லன்னா அந்த விருது என்னுது இல்ல."

சாயங்காலம் அவள் கடைக்குப் போய்த் திரும்பியபோது பேனரில் ஒட்டுப் போட்டிருந்தது. பிளெக்ஸ் கடையில் எழுத்துப் பிழைக்கு ஒட்டுவார்களே, அந்த மாதிரி ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். மனநலம் மறைந்து, 'மாநிலத்தின் சிறந்த நரம்பியல் செவிலியர்' என்று நின்றது. அப்படி ஒரு விருதை யாருமே யாருக்கும் கொடுத்ததில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். மயில்வாகனம் மஞ்சள் ஸ்டிக்கரில் மறைத்திருந்தார்.

கமலவேணிக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. தன் பெயருக்காக அல்ல. முகத்தை மூடிக்கொண்டு வருகிற அத்தனை பேரும் இனி இந்தப் பேனருக்குக் கீழேதான் போய்வர வேண்டும். மறைக்க வேண்டிய சொல்தான் அது என்று அவர்களுக்கு அந்த ஸ்டிக்கர் தினமும் சொல்லிக்கொண்டிருக்கும்.

தினகரன் அதிகம் பேசாதவன். தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து, சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"நாளைக்குக் காலையில தெருவுல பாவு சுத்தறோம். முனையை அண்ணனைத்தான் பிடிக்கச் சொல்லப் போறேன்."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் மீண்டும் குழியில் இறங்கிவிட்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன்மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை வந்தது அன்றுதான்.

ஞாயிறு காலை, சேலைக்கு நெடுக்கே ஓடும் பட்டு இழைகளை, அதுதான் பாவு, தெரு நீளத்துக்கு நீட்டியாகிவிட்டது. ஒரு முனையில் தினகரன் அதை உருளையில் சுற்றுகிறான். மறுமுனையில் மயில்வாகனம் இழுத்துப் பிடித்து நிற்கிறார். நடுவே ஆட்கள் இழை சரிபார்க்கிறார்கள். பாவு முனையைப் பிடித்தவன் கையை விட்டால் இழை முழுக்கச் சிக்காகிவிடும். சாமியே வந்து கூப்பிட்டாலும் அசைய முடியாது.

அப்போது கமலவேணி ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரி சீருடையில் வந்தாள், ஞாயிற்றுக்கிழமை விடுமுறையாக இருந்தும். பேனரின் சட்டத்தில் ஏணியைச் சாய்த்தாள்.

"ஏய் கமலா! இன்னா பண்றே? டேய் தினகரா, உன் பொண்டாட்டிய கூப்பிடுடா!"

"பாவை விட்டுடாத அண்ணா," என்றான் தினகரன் மறுமுனையிலிருந்து. "பட்டு முதலாளியுது."

தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. ஏணி மேடுபள்ளத்தில் நின்று ஆடியது. பிடிக்க ஒருவரும் வரவில்லை. தலைக்கனக்காரிக்கு யார் ஏணி பிடிப்பார்கள்? அந்த நேரம் பார்த்து முதலாளி வீரபாகுவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. பிள்ளையார்பாளையம் சந்துக்குள் ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டுகிறவர் அவர் ஒருவர்தான். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏணியைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார், கமலவேணியைப் பார்த்தார். அவள் அவரை யாரோ என்பதுபோல் பார்த்தாள். அவர் கை ஹெல்மெட் வாரை ஒரு தரம் தொட்டது. பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

போகட்டும். எல்லாருக்கும் ஒரே நாளில் தைரியம் வந்துவிடாது. கமலவேணி ஆடும் ஏணியில் முதல் படியில் காலை வைத்தாள், இரண்டாவதில் வைத்தாள். மூன்றாவதில் ஏணி ஒரு பக்கமாய்ச் சரிந்தது. யாரோ பிடித்தார்கள்.

குனிந்து பார்த்தாள். அலமு. மாவு படிந்த இரண்டு கைகளாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி நின்றிருந்தாள்.

"வணக்கம் சிஸ்டர்," என்றாள் அலமு, தெருவுக்கே கேட்கும்படி.

வீட்டில் கமலா என்று கூப்பிடுகிறவள். சிஸ்டர் என்று அவள் கூப்பிடுவது ஓரிடத்தில்தான்.

"அலமு! உள்ள போ!" என்று மயில்வாகனம் பாவைப் பிடித்தபடியே கத்தினார்.

"போவ மாட்டேன். மாசாமாசம் பொறந்த வூட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு நான் எங்க போறேன்னு நெனச்சே? இவங்ககிட்டதான். எங்கம்மா செத்தப்புறம் அடுப்படியிலேயே ஒக்காந்து கெடந்தேனே, காத்து கருப்புன்னு மந்திரிக்கக் கூட்டிக்கினு போனியே, ஞாபகம் இருக்குதா? மந்திரத்துல எழுந்திருக்கல. இவங்க ஆஸ்பத்திரி மாத்திரையிலதான் எழுந்தேன். நேத்து நீ அந்தக் கத்து கத்தறப்பகூட இவங்க என் பக்கம் திரும்பிப் பாக்கல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ வாய மூடியிருப்பே."

மயில்வாகனம் ஒரு அடி முன்னால் வந்தார். பாவு தொய்ந்தது. ஆனாலும் விடவில்லை.

"செவிலிமேட்டுக்காரங்க கேட்டா?" என்றார், பாதிக் குரலில்.

"நானே சொல்றேன்," என்றாள் அலமு. "அந்தப் பேனருக்குக் கீழ நின்னே சொல்றேன். கேட்டுட்டு வர்ற வூட்டுக்குத்தான் எம்பொண்ணு போவா."

வாசலில் நின்றிருந்த காவேரி ஓடிவந்து ஏணியின் இன்னொரு காலைப் பிடித்துக்கொண்டாள்.

கமலவேணி மேல்படியில் ஏறி, நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளப்பினாள். பாதி கிழிந்து பாதி ஒட்டிக்கொண்டது. விடாமல் சுரண்டினாள். கீழே பாவு பிடித்தவர்கள், குழாயடிக்காரர்கள், எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். மஞ்சளுக்கு அடியிலிருந்து சொல் முழுதாக வெளியே வந்ததும் அவள் திரும்பி, இத்தனை வருஷமும் அந்தத் தெருவில், தன்னிடம் வருகிற யாருக்கும் அவள் சொல்ல முடியாததைச் சொன்னாள்.

"வணக்கம் அலமு அக்கா. கெட்டியாப் புடிச்சிக்கோ, இறங்கறேன்."