பம்பில் சிக்கிய துணி

மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது, தண்ணீர்தான் ஏறவில்லை. முரளிதரன் ஓடிவந்து சுவிட்சை அணைத்தான். புத்தலப்பட்டு சாலையிலிருக்கும் அந்த மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் பழம் கழுவிய தண்ணீரெல்லாம் ஒரு தொட்டியில் வந்து சேரும். அதை வெளியே தள்ளுவது இந்தப் பம்பு. இது நின்றால் கால்வாய் நிரம்பி ஷெட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும். பழம் வரும் பெல்ட்டை நிறுத்தியாக வேண்டும். இந்த வாரத்தில் இது முதல் தடவை அல்ல.

பம்பின் முன்மூடியைப் பிரித்து, தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் இதழ்களுக்கு நடுவே விரலை விட்டான். வழக்கமாகக் கொட்டை நாரும் தோலும் வரும். இன்று சேலைத் துண்டு வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டேயிருந்தது, நடுவில் இறுக்கிப் போட்ட முடிச்சுகளோடு. கால்வாயில் மிதந்து வந்திருந்தால் தொட்டிக்கு முன்னாலுள்ள கம்பி வலையில் நின்றிருக்கும். தொட்டியின் இரும்பு மூடியைக் கழற்றினால்தான் இது உள்ளே போக முடியும். போய்ப் பார்த்தான். மூடியின் ஒரு போல்ட் பாதிதான் முறுக்கியிருந்தது. அவன் எதையும் பாதியில் விடுகிறவன் அல்ல.

அந்தப் போல்ட்டுக்கான ஸ்பேனர் அவன் பையில் இருக்கிறது. அந்தக் கருவிப் பை இரவெல்லாம் வீட்டில்தான் இருக்கும். அப்போதுதான் தாட்சாயணி கேட்டது நினைவுக்கு வந்தது. சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்: "பம்பு நின்னு போச்சின்னா திரும்ப ஓட எவ்ளோ நேரம் ஆவும்?" அவன் மனைவி இதே ஷெட்டில்தான் பழம் அறுக்கிறாள். இந்த சீசனில் பெண்களின் ஸ்டூல்களை எடுத்துவிட்டார்கள். நாள் முழுக்க நின்றே வேலை. வயிற்றுப்பிள்ளைக்காரி கன்னிகா பெல்ட் பக்கத்திலேயே மயங்கி விழுந்தபோது தாட்சாயணிதான் சூப்பர்வைசர் சிரஞ்சீவியிடம் சண்டைக்குப் போனாள். பெல்ட் நின்றால் எல்லோரும் உட்காரலாம்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. துணியைக் கருவிப் பைக்குள் தள்ளினான்.

"ஏமய்யா முரளி, இன்னா அது தினம் தினம்?" என்றார் சிரஞ்சீவி. "எவனாவது கை வெக்கிறானா? நிஜம் செப்பு."

"இதழு தேஞ்சி பூட்சி சார். நாரு மாட்டிக்குது. இம்பெல்லரையே மாத்திடறேன்."

சிரஞ்சீவி பழைய இம்பெல்லரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். அதில் தேய்மானம் எதுவும் இல்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். முரளிதரன் புதியதை மாட்டினான். நல்ல பொருளைக் கழிவுக் குவியலில் எறிந்தபோது கை கூசியது.

வீட்டில் துணியை அவள் முன்னால் போட்டான்.

"இது இன்னா?"

"துணி."

"யாரு போட்டாங்க, தாட்சா?"

அவள் துணியைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள். "நானுன்னு சொன்னா அந்தாளுகிட்ட போய் சொல்லுவியா?"

சொல்ல மாட்டேன் என்று உடனே வாயில் வரவில்லை. பம்பு அவன் பொறுப்பு. மாட்டிக்கொண்டால் இரண்டு பேருக்கும் வேலை போகும். அந்தச் சிறு தாமதத்தை அவள் கவனித்துவிட்டாள். "துன்னுட்டு படு" என்று எழுந்து போனாள். ஸ்பேனரைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தான். இருட்டில் அவள் அதையும் பார்த்தாளோ என்னவோ, முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் சிரஞ்சீவி தாட்சாயணியை ஷெட்டுக்குள் விடவில்லை. லாரியிலிருந்து பழக்கூடை இறக்கும் வேலைக்கு அனுப்பினார். "உன் வீட்டம்மா கொஞ்ச நாள் வெளிய இருக்கட்டும். பம்பு எப்டி ஓடுதுன்னு பாக்கலாம்" என்று முரளிதரனிடம் சிரித்தார். ஸ்பேனர் அவன் இடுப்பிலேயே இருந்தது. பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அது ஒழுங்காக ஓட ஓட தாட்சாயணி மேல் சந்தேகம் வலுக்கும். நிற்காதா என்று இருந்தது.

சாப்பாட்டு வேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் நின்றது.

முதலில் தொட்டி மூடியைத் தொட்டுப் பார்த்தான். இந்தத் தடவை எல்லாப் போல்ட்டுகளும் சரியாக முறுக்கியிருந்தன. பம்பைப் பிரித்தால் அதே மாதிரி முடிச்சு, வேறு சேலை. ஸ்பேனர் அவன் இடுப்பில், தாட்சாயணி வெளியே. தலையைத் திருப்பி ஷெட்டைப் பார்த்தான். பெண்கள் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கன்னிகா காலை நீட்டிக் கண்ணை மூடியிருந்தாள். ஒருத்தி அவள் பாதத்தை மடியில் வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். யாரும் அவன் பக்கம் பார்க்கவில்லை. எல்லோரும் பார்க்காமலிருந்த விதம்தான் அவனுக்கு உறைத்தது. வாசலுக்கு அப்பால், கொளுத்தும் வெயிலில், தாட்சாயணி ஒரு கூடையை இடுப்பில் வைத்தபடி நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏமுந்தி உள்ள, இன்னா மாட்டிச்சி?" சிரஞ்சீவி தலைக்கு மேலே வந்து நின்றார்.

துணி அதற்குள் பேன்ட் பாக்கெட்டுக்குள் போயிருந்தது.

"நாருதான் சார்."

அவர் இம்பெல்லரைப் பார்க்கவில்லை. குனிந்து அவன் தொடையைப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து மாம்பழ மஞ்சளில் ஒரு ஈரம் காக்கித் துணியில் ஊறி, மெல்லப் பரவி, முழங்காலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.