விக்டோரியா பேங்கில் விழுந்த கூட்டம்

மலேசியச் செம்பனைத் தோட்டத்தில் பத்து வீட்டு வரிசை எங்கள் லயம். அதில் குடியிருக்கும் விக்டோரியாவின் சிக்கனத்தைப் பற்றி நான் எப்போதும் குறைத்துத்தான் சொல்வேன். முழுதாகச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பற்பசைக் குழாயை அவள் பிதுக்குகிற பிதுக்கில் பக்கத்து வீட்டுக் குழாயிலும் பசை குறையும். அந்தி சாய்ந்ததும் விளக்கை அணைத்துவிடுவதால், அவள் வீட்டுப் பல்லிகள் சுவரைத் தடவித் தடவியே பூச்சி பிடிக்கப் பழகிக்கொண்டன. நானே பார்த்திருக்கிறேன். இருட்டில்தான்.

இப்படிப்பட்டவள் தன் ஒரே மகள் ஃபெலிசியாவுக்குச் சேமிப்பைச் சொல்லித்தராமல் இருப்பாளா? பெருநாள்தோறும் ஒன்றிரண்டு வெள்ளி நோட்டு வைத்துத் தருகிற அங்பாவ் உறை பிள்ளை கையில் விழுந்த மறுநிமிடம் விக்டோரியாவின் கை நீளும்.

"இங்க குடு. ஒன் கையில இருந்தா பறந்துடும். அம்மா பத்திரமா வச்சுத் தரேன்."

எங்கள் லயத்துப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அத்தனை பேரும் நான்கு மதத்துக்கும் விசுவாசமானவர்கள். தீபாவளிக்குப் பிரசாதம் வாங்குவது போலப் பக்தியாக வரிசையில் நிற்பார்கள். கிறிஸ்மஸுக்கு அதே வரிசை. சீனப் பெருநாளுக்குச் சாமான் கடைச் சீன முதலாளி தௌகே வீட்டு வாசலிலும், நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர்களின் கம்பத்திலும் அதே முகங்கள்தான். வருகிற உறையெல்லாம் அம்மாக்களிடம் போகும். பத்து வீட்டிலும் ஒரே வசனம்: பத்திரமா வச்சுத் தரேன்.

எந்தப் பிள்ளையும் திருப்பிக் கேட்டதில்லை. அதனால்தான் பத்து பேங்கும் பிரமாதமாக நடந்துகொண்டிருந்தன.

ஃபெலிசியாவுக்குப் பதினொரு வயது ஆனபோது, லயத்துக்குப் பக்கத்தில் ஆடு வளர்த்த புனிதன் தன் ஆடுகளை விற்கப்போவதாகச் சொன்னான். முட்டிவலி. செண்டாயான் பட்டணத்தில் மகன் வாங்கிய புது வீட்டுக்குக் குடிபோகிறான். அந்த வீட்டு வாசலில் கார்தான் நிற்கலாமாம், ஆடு நிற்கக் கூடாதாம். சனிக்கிழமை மந்தின் இறைச்சிக் கடை லோரி வரும், மொத்த ஆட்டையும் ஏற்றிக்கொண்டு போகும்.

அதில் ஒரு பெட்டைக் குட்டி. காது ஒன்று மடங்கியிருக்கும். பள்ளி விட்டு வந்ததும் ஃபெலிசியாதான் அதற்குத் தழை ஒடித்துப் போடுவாள். அவள் வராத நாளில் அது தழை தின்னாது. அந்தக் குட்டி எங்கே போகும் என்று அவள் கேட்டாள். புனிதன் கழுத்தைச் சொறிந்தான். அவள் புரிந்துகொண்டாள்.

"எனக்குக் குடுங்க அங்கிள். எவ்ளோ?"

"நானூறு வெள்ளி. காசு கொண்டா, குட்டிய ஓட்டிக்க. சனிக்கிழமை லோரி வந்துட்டா என் கையில ஒண்ணும் இல்ல."

அன்று சாயங்காலம் நான் என் வீட்டு வாசலில் செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து விக்டோரியா வீட்டுச் சுவர் பலகைதான். காதைப் பொத்தினாலும் கேட்கும், நான் பொத்தவில்லை.

"ம்மா, என் அங்பாவ் காசு வேணும்."

"எந்தக் காசு?"

"நீங்க வச்சிருக்கிற காசு. நானூத்திப் பன்னெண்டு வெள்ளி."

ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது.

"யாரு சொன்னா நானூத்திப் பன்னெண்டுன்னு?"

ஃபெலிசியா ஜெபமாலை சொல்வது போல ஆரம்பித்தாள். "அஞ்சு வயசு கிறிஸ்மஸ், புஷ்பவள்ளி ஆன்ட்டி அஞ்சு வெள்ளி. அந்த வருஷம் சீனப் பெருநாள், தௌகே ரெண்டு வெள்ளி. பக்கத்து வீட்டுத் தாத்தா ஒரு வெள்ளி, ஓரம் கிழிஞ்சது..."

அந்த இடத்தில் மட்டும் எனக்குச் சரியாகக் காது கேட்கவில்லை.

"சரி சரி, நிறுத்து," என்றாள் விக்டோரியா. "இருக்கு. எங்க போகப் போகுது? வெள்ளிக்கிழமை தரேன்."

காசு இல்லை என்பது எனக்குத் தெரியும். பள்ளிக் காலணி, சமையல் கேஸ் தோம்பு, மோட்டார் சைக்கிள் டயர், சென்ற வருடம் அவள் புருஷன் மார்கஸுக்கு ஓவர்டைம் வெட்டப்பட்ட மாதங்கள் என்று அந்தக் காசு ஒவ்வொன்றாகக் கரைந்திருந்தது. கொஞ்சம் மார்கஸ் வாங்கிய நாலு நம்பர் லாட்டரிச் சீட்டுகளிலும் போயிருந்தது. அவன் பதினைந்து வருடமாக அடுத்த வாரம் ஜெயிக்கப்போகிறவன்.

மறுநாள் ஃபெலிசியா, புஷ்பவள்ளி மகள் ஷாமினியிடம் பள்ளிப் பேருந்தில் விஷயத்தைச் சொன்னாள். ஷாமினி வீட்டுக்கு வந்ததும் பையைக் கூட இறக்கவில்லை.

"ம்மா, என் காசு எங்க?"

அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் பத்து வீட்டிலும் பிள்ளைகள் சமையலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றார்கள். இன்னும் பேச்சு வராத ஒரு குழந்தை கூடத் தொட்டிலிலிருந்து கையை நீட்டியது. பெரிய பேங்கு விழுவதைச் செய்தியில் பார்த்திருக்கிறேன். அங்கே கூட இவ்வளவு அழுகை இல்லை.

வியாழக்கிழமை அம்மாக்கள் புஷ்பவள்ளி வீட்டில் அவசரக் கூட்டம் போட்டார்கள். காப்பித்தூள் வாங்குவதற்காக நானும் அங்கே போக வேண்டியிருந்தது.

"எல்லாம் ஒம் மவளால வந்தது லா," என்றாள் ஒருத்தி.

"ஏன், ஒம் மவன் காசு ஒங்கிட்ட இருக்கா?" என்றாள் விக்டோரியா. கேட்டவள் காப்பிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டாள்.

புஷ்பவள்ளிதான் கூட்டு நடத்துகிறவள். மாதம் ஆளுக்கு ஐம்பது வெள்ளி போடுவார்கள், முறை வந்தவள் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வாள். இந்த மாதம் அவள் முறை. கூரைத் தகடு மாற்ற ஐந்நூறு வெள்ளி, பெரும்பாலும் சில்லறை நோட்டுகள், கட்டாக அவள் கையில் இருந்தது.

"இங்க பாருங்க. பிள்ளைங்களுக்குக் காசு வேணாம். காசு இருக்குதான்னுதான் பயம். இந்தக் கட்ட முதல்ல விக்டோரியா காட்டட்டும். பிள்ளை பாத்ததும் பின்வாசல் வழியா அடுத்த வீடு. அங்கயும் காட்டணும். பத்து வீடும் ஒரே கட்டு. புரியுதா? காட்டத்தான், குடுக்க இல்ல."

"அக்கா, நீங்க படிச்சிருந்தா அமைச்சராயிருப்பீங்க," என்றாள் விக்டோரியா.

வெள்ளிக்கிழமை விக்டோரியா மேசைமேல் நோட்டுக் கட்டை வைத்தாள். ஒன்பது அம்மாக்களும் அவரவர் பின்வாசலில் தயாராக நின்றார்கள்.

"பாத்துக்க. அம்மா வச்சிருக்கேன்னு சொன்னேன்ல?"

ஃபெலிசியா உட்கார்ந்து எண்ணினாள். நானூற்றுப் பன்னிரண்டைத் தனியே எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள். மிச்சம் எண்பத்தெட்டைத் திருப்பி நீட்டினாள்.

"இது என்னுது இல்லமா. நீங்க தப்பா எண்ணிட்டீங்க. தேங்க்ஸ்மா!"

விக்டோரியா வாயைத் திறப்பதற்குள் பிள்ளை செம்பனைக்குள் புகுந்து ஓடிவிட்டாள். துரத்தவும் முடியவில்லை. துரத்தினால் ஏன் என்று பத்து வீட்டுப் பிள்ளைகளும் கேட்பார்கள்.

புஷ்பவள்ளி கையில் எண்பத்தெட்டு வெள்ளி வந்து சேர்ந்தது. "மிச்சம் எங்கடி?" என்றாள்.

"ஓடிட்டு இருக்குக்கா."

மிச்சம் அரைமணியில் நாலு காலில் திரும்பி வந்தது. ஃபெலிசியா முன்னால், மடங்கிய காதோடு குட்டி பின்னால். லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். ஷாமினி தன் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அவ காசு வந்துருச்சு. என் காசு?"

புஷ்பவள்ளி ஆட்டைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். தன் ஒழுகும் கூரையைப் பார்த்தாள்.

"அதுலதான் இருக்கு," என்றாள், ஆட்டைக் காட்டி. அது பொய்யும் இல்லை.

அன்று ஆடு பத்து வீட்டுக்கும் போய் வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளை அதைத் தடவிப் பார்த்து, தன் காசு உயிரோடு இருக்கிறது என்று நிம்மதியானது. நோட்டைக் காட்டியிருந்தால் கூட இவ்வளவு திருப்தி வந்திருக்காது. ஆடு மட்டும் முதல் வீட்டில் காலண்டரில் மூன்று மாதத்தையும், நாலாவது வீட்டில் மின்சாரப் பில்லையும் தின்றது. அந்த வீட்டுக்கு அந்த மாதம் பில்லே வரவில்லை என்று இன்றுவரை சொல்கிறார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் விக்டோரியா மகளைக் கூப்பிட்டாள். இந்த முறை குரல் மெதுவாக வந்தது. பலகைச் சுவரில் நான் கொஞ்சம் சாய வேண்டியிருந்தது.

"அது புஷ்பவள்ளி ஆன்ட்டி கூரைக் காசுடி. ஒன் காசு என்கிட்ட இல்ல. செலவாயிருச்சு."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"எதுக்கு?"

விக்டோரியா ஒவ்வொன்றாகச் சொன்னாள். காலணி, கேஸ், டயர். ஒன்றையும் மறைக்கவில்லை. நம்பர் சீட்டுக்கு வந்தபோது மார்கஸ் இருமினான்.

"மொதல்லயே சொல்லிருக்கலாம்ல?" என்றாள் ஃபெலிசியா. "நான் புனிதன் அங்கிள்கிட்டத் திருப்பிக் குடுத்துடவா?"

"வேணாம்," என்றாள் விக்டோரியா. "குட்டி ஒன்னுதுதான். கடன் என்னுது. மார்கஸ்!"

"ம்."

"இனிமே நம்பர் காசு புஷ்பவள்ளி அக்காவுக்கு."

"அடுத்த வாரம் கண்டிப்பா அடிக்கும்டி..."

"அடிச்சா நல்லதுதான். யாரு வாங்குறாங்களோ அவங்களுக்கு அடிக்கட்டும்."

மார்கஸ் சீட்டு வாங்காத முதல் வாரம் அவன் எண் விழுந்ததா என்று என்னைக் கேட்கிறார்கள். விழவில்லை. அவன்தான் கீழே விழுந்தவன் போல நடந்துகொண்டிருந்தான். ஏழெட்டு மாதத்தில் புஷ்பவள்ளி வீட்டுக்குத் தகடு ஏறிவிட்டது. அதுவரை மழை பெய்தால் ஒழுகலுக்கு அவள் வைத்த சட்டிகளில் பாதி விக்டோரியா வீட்டுச் சட்டிகள்.

ஆடு வந்த மாதமே, சம்பளம் வந்த சனிக்கிழமை விக்டோரியா மகளைச் சிரம்பான் பட்டணத்துக்கு அழைத்துப்போனாள், நிஜமான பேங்கில் கணக்குத் திறக்க. ஆடு வாங்கியது போக மிச்சமிருந்த பன்னிரண்டு வெள்ளி ஃபெலிசியாவின் கையில். வழித்துணைக்கு நானும் போனேன். குளிர்சாதனம் நன்றாக இருக்கும்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நம் தமிழ்ப் பிள்ளைதான். சிரித்த முகம்.

"எவ்ளோ போடப் போறீங்க தங்கச்சி?"

"பன்னெண்டு வெள்ளி. அக்கா, நான் வேணுங்கிறப்ப எடுக்கலாமா?"

"எடுக்கலாம். பதினெட்டு வயசு வரைக்கும் அம்மா வந்து கையெழுத்துப் போடணும், அவ்ளோதான். அம்மாதானே பாத்துக்குவாங்க?"

ஃபெலிசியா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். விக்டோரியா கூரையிலிருந்த காற்றாடியைப் பார்த்தாள். பிள்ளை நோட்டுகளை மடித்துத் திரும்பவும் பைக்குள் வைத்தாள்.

"ஏண்டி, அம்மா மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்குமா. ஆனா ஆட்டுக்குக் கயிறு வாங்கணும்."

நல்ல கயிறாகத்தான் வாங்கினாள். பேரம் பேசி இரண்டு வெள்ளி குறைத்தாள். கடைக்காரன் மிச்சம் கொடுத்தபோது பழக்க தோஷத்தில் விக்டோரியாவின் கை தானாக நீண்டது. ஃபெலிசியா அந்தக் கையில் கயிற்றை வைத்தாள்.

"இத வச்சிருங்கமா. பத்திரமா."