பச்சையை விடு, சிவப்பை எடு

தலைச்சோலை எஸ்டேட்டில் காப்பிப் பழத்தின் தோலுரிக்கும் மெஷினுக்கு சுவிட்சுப் பெட்டி செய்து மாட்டியவள் அம்மணி. சேலம் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படித்துவிட்டு வந்தவள். ஓட்டப் பச்சைப் பொத்தான், நிறுத்தச் சிவப்பு. உலகமெல்லாம் உள்ள வழக்கம்தானே? இதில் யார் தப்பு செய்ய முடியும்?

மெஷின் ஓட்டும் வீராயி செய்தாள். பழத்தோடு ஒரு கல் உள்ளே போய் மெஷின் அலறியபோது, பச்சையைப் போட்டுக் குத்திக்கொண்டே நின்றாள். அன்றைய பழம் பாதி கூழாகிவிட்டது.

"இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா பெட்டியக் கழட்டிக் கடாசிட்டு சேலத்துல இருந்து வேற ஆளக் கூட்டியாந்துருவேன்," என்றார் எஸ்டேட் கணக்கையும் ஆட்களையும் பார்க்கும் ரைட்டர் மாரிசாமி. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குக் கரண்டு வேலை?"

அம்மணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் ரைட்டர் மேல், காட்டியது வீராயியிடம்.

"ஏனுங்கக்கா, எத்தன தடவ சொல்றது? செவப்பு!"

"தெரியுது கண்ணு. அவசரத்துல கை கேக்க மாட்டீங்குது."

அம்மணி அட்டையில் எழுதி ஒட்டியும் பார்த்தாள். மறுநாளும் வீராயியின் கை பச்சைக்கே போனது. அம்மணி பாய்ந்து நிறுத்தியதால் தப்பித்தார்கள்.

ஆத்திரத்தோடு காப்பிக் காட்டுப் பக்கம் நடந்தவள் காதில் ரைட்டரின் குரல் விழுந்தது. பழம் எடுக்கும் பெண்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

"பச்சையத் தொடாதீங்க! செவந்தது மட்டும் எடுங்க!"

அம்மணி அப்படியே நின்றுவிட்டாள். சின்ன வயதிலிருந்து பழம் பறித்து, இதே அதட்டலில் பழகிய கை வீராயியுடையது. அதற்குச் சிவப்பென்றால் வேலை, பச்சையென்றால் விட்டுவிடு. அந்தக் கையைக் கவனிக்காமல் பெட்டி செய்தது யார்? அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

நிறங்களையே தூக்கி எறிந்தாள். ஓட்டும் பொத்தானைத் தகரக் குழிக்குள் பதித்தாள். தேடி விரல் விட்டால்தான் எட்டும். நிறுத்துவதற்கு, உள்ளங்கை அகலக் கட்டை ஒன்றைப் பழம் கொட்டும் இடத்திலேயே இடுப்பு உயரத்தில் வைத்தாள். இடித்தால் போதும். வீராயியை வேலை செய்யவிட்டு, அவள் எங்கே நிற்கிறாள், எப்படித் திரும்புகிறாள் என்று பார்த்துப் பார்த்துக் கட்டையை இடம் மாற்றினாள். வாய் திறந்து ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சனிக்கிழமை ரைட்டர் சோதிக்க வந்தார். "கட்டையாமில்ல, கட்டை!" என்று ஓடும் மெஷின் மேல் குனிந்தார். கழுத்தைச் சுற்றிக் கிடந்த துண்டின் நுனி பெல்ட்டில் சிக்கியது. கழுத்து இறுகியது. வீராயியின் இரண்டு கையிலும் கூடை. அவள் கூடையைக்கூடக் கீழே வைக்கவில்லை. இடுப்பால் ஒரே இடி. மெஷின் நின்றது.

துண்டை உருவிக்கொண்டு நிமிர்ந்த ரைட்டர் கழுத்தைத் தடவிக்கொண்டே அம்மணியிடம் திரும்பினார்.

"காய வைக்கற மெஷினுக்கும்... நீயே பெட்டி போட்டுரு சாமி."

"போடறனுங்க. மொதல்ல அத ஓட்டறவங்க கூட நின்னு பாத்துக்கறேன்," என்றாள் அம்மணி. சேர்வராயன் மலையையே ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம் போலிருந்தது அவளுக்கு.