சீனி போடாத தேத்தண்ணி

பயப்படாமல் கேளுங்கோ, பிள்ளையள்.

புலம்பெயர்ந்து வந்த நாட்டில், த பேசின் என்ற மலையடிவார ஊரில், பாலேஸ்வரியின் கணவர் குகதாசன் இறந்த எட்டாம் நாள், அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் பின்வளவில் காகத்துக்குப் படைத்தார்கள். அவர் மனக்குறையில்லாமல் போகவேண்டுமே என்பதுதான் அவள் கவலை.

காகம் வரவில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் குருவியொன்று வந்தது. நீண்டு வளைந்த அலகு, செம்மண் நிறக் கழுத்து. சிறகு தெரியாத வேகத்தில் அடித்தபடி, படையலில் வைத்த தேத்தண்ணிக் கோப்பைக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

"ஹம்மிங்பேர்டோ பிள்ளை?"

"அது இந்த நாட்டில இல்லையம்மா. இது தேன் குடிக்கிற வேற குருவி," என்றாள் மகள் நிரஞ்சினி.

குருவி அலகை ஒருமுறை தோய்த்தது. உடனே பறந்துபோய், வீட்டுக்குள்ளே குகதாசன் வழக்கமாக உட்காரும் கதிரைக்கு நேரேயிருந்த யன்னல் கண்ணாடியைக் கொத்தியது. மறுபடி கோப்பைக்கு வந்தது. மறுபடி கண்ணாடிக்குப் போனது.

பாலேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. நீரிழிவென்று வருடக்கணக்காகச் சீனியில்லாமல் ஊற்றிக் கொடுத்த கை, இன்றும் பழக்கத்தில் சீனி போடவில்லை. "இஞ்சாரும், ஒரு கரண்டி போடுமன்" என்று கடைசிவரை கெஞ்சிய மனிதர்.

"இனி உங்களுக்கு என்ன வருத்தம் வரப்போகுது," என்று முணுமுணுத்தபடி மூன்று கரண்டி போட்டுக் கலக்கினாள்.

குருவி ஆறுதலாகக் குடித்துவிட்டு மலைப்பக்கம் பறந்தது.

வீட்டுக்குள்ளே, யாரோ எழும்பியதுபோல அந்த வெறுங் கதிரை கிறீச்சிட்டது.